வார நாள் சமையலும் தொட்டித் தழைகளும்: சில வருட அனுபவம்

வாசனைத் தழைகளை வீட்டில் வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. தொட்டி, நல்ல மண், வெயில், தண்ணீர் இருந்தால் போதும், வந்துவிடும். பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் ஓடும் வீட்டில் கேள்வியே வேறு. மாலையில் களைத்து வந்து அடுப்பைப் பற்றவைத்த பிறகு, அந்தச் செடியிடம் யாராவது போவார்களா? பறித்ததை அலசி ஆய்ந்து நறுக்க யாருக்காவது பொறுமை இருக்குமா? சில வருடங்களாக ஏழெட்டு வகைத் தழைகளை வளர்த்துப் புழங்கிய பிறகு, நான் அவற்றை இதை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

முதல் விஷயம் இடம். மேலைநாட்டுச் சமையலில் வரும் பேசில் (துளசி வகை), ரோஸ்மேரி, தைம் மூன்றுக்கும் தினமும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். புதினா, மல்லி, பார்ஸ்லி (மல்லி மாதிரித் தோன்றும் தழை) அரை நிழலிலும் சமாளித்துக்கொள்ளும். எங்கள் பார்ஸ்லி தோட்டத்தின் கடைசி மூலையில் செழிப்பாகத்தான் இருந்தது. ஆனால் இருட்டிய பிறகு அங்கே போய்ப் பறிக்க யாரும் தயாராக இல்லை. சமையலறைக் கதவருகே, வெயில் குறைவான இடத்துக்கு மாற்றியதும் செடி கொஞ்சம் சோர்ந்தது, ஆனால் சாப்பாட்டில் அடிக்கடி தலைகாட்டத் தொடங்கியது.

புதினா எப்படியும் பிழைத்துக்கொள்ளும். ஒரு தண்டை வெட்டித் தண்ணீரில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். மண்ணுக்கடியில் ஓடிப் பரவுவதால் அதற்குத் தனித் தொட்டிதான் சரி, மற்ற செடியோடு சேர்த்து வைத்தால் அந்தச் செடி காணாமல் போகும். இதில் தொல்லை ஆய்வதுதான். முற்றிய தண்டு நாராக இருக்கும், இலை இலையாகக் கிள்ள வேண்டும். அதனால் நாங்கள் முற்றவே விடுவதில்லை. நுனியில் இரண்டு விரல்கடை மட்டும் கத்தரித்தால் தண்டோடு அப்படியே நறுக்கலாம். வெட்டிய இடத்துக்குக் கீழே பக்கக் கிளைகள் வருவதால் செடியும் அடர்த்தியாகிறது.

மல்லி அதிகம் பயன்படுகிறது, ஆனால் அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். நாம் விதை என்று விதைக்கும் ஒவ்வொரு உருண்டையிலும் இரண்டு விதைகள் இருக்கின்றன. லேசாக உடைத்து, இரவு ஊறவைத்துப் போட்டால் முளைப்பு சீராக வருகிறது. ஆணிவேர் என்பதால் பிடுங்கி நடுவது அதற்கு ஒத்துவராது, வளர்க்கும் தொட்டியிலேயே நேரடியாக விதைப்பது நல்லது. வெயில் ஏறினால் அவசரமாகப் பூத்துவிடும், இலையும் சீரகச் செடிபோல் மெலிந்துபோகும். தொடர்ந்து தழை வேண்டுமென்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை புதிதாக விதைக்க வேண்டும். பல வாரம் காத்திருந்து வளர்த்த ஒரு தொட்டி ஒரே வேளைச் சமையலில் காலியாகும்போது, இதற்கு இவ்வளவு பாடா என்று தோன்றும். நேரமில்லாத குடும்பங்கள் மல்லியை வாங்கிக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. அதன் பச்சைக் காய்களை நசுக்கிப் போட்டால் கிடைக்கும் ருசிக்காக மட்டும் நான் ஒரு தொட்டி விட்டு வைத்திருக்கிறேன். அது வளர்த்தால்தான் கைக்கு வரும்.

எங்கள் வீட்டில் ஒருவருக்கு மல்லித்தழை சோப்பு மாதிரி இருக்கிறதாம். அடம் என்றுதான் நினைத்தோம், பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதன் மணத்துக்குக் காரணமான ஆல்டிஹைடு என்ற வேதிப்பொருட்களைச் சிலர் வேறு மாதிரி உணர்வதற்கு, வாசனை அறியும் மரபணு ஒன்றோடு தொடர்பு இருக்கிறதாம். அன்றிலிருந்து மல்லி பானைக்குள் போவதில்லை. நறுக்கிக் கிண்ணத்தில் வைத்துவிடுகிறோம், வேண்டியவர்கள் தட்டில் தூவிக்கொள்கிறார்கள். ஒரே சூப்பை ஒருவர் புதினாவோடும் இன்னொருவர் மல்லியோடும் சாப்பிடலாம், சமைப்பவருக்கும் வேலை கூடுவதில்லை. மென்மையான தழைகளுக்கு இதுதான் ஏற்றது. கொதிக்கக் கொதிக்க அவற்றின் மணம் ஆவியோடு போய்விடும்.

ரோஸ்மேரியும் தைமும் அதற்கு நேர்மாறு. ஆரம்பத்திலேயே கிளையோடு பானையில் போட்டுவிட்டு, பரிமாறும்போது குச்சியை எடுத்துப் போட்டால் முடிந்தது, ஆய்வது என்ற பேச்சே இல்லை. உருளைக்கிழங்கு வறுத்தாலும் பயறு வேகவைத்தாலும் ஒரு கிளை போதும். தண்ணீர் ஊற்ற மறந்தால் இவை பொறுத்துக்கொள்ளும், அதிகமாக ஊற்றினால்தான் வேர் அழுகிச் சாகும். மறதி உள்ள குடும்பத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? காயவைத்தாலும் மணம் பெரிதாகக் குறையாது. பச்சையாக மூன்று கரண்டி போடும் இடத்தில் காய்ந்தது ஒரு கரண்டி போதும்.

பேசில் கொஞ்சம் செல்லம் கொடுத்து வளர்க்க வேண்டிய செடி. கணுவுக்கு மேலே கிள்ளினால் இரண்டு கிளைகள் வரும், பூ மொட்டு தெரிந்த உடனே கிள்ளிவிட வேண்டும். குளிர் ஆகாது, ஃபிரிட்ஜில் வைத்தால் இலை கறுத்துவிடும். பறித்த தண்டுகளை ஒரு டம்ளர் தண்ணீரில் மேடையிலேயே வைப்பது நல்லது. நிறைய விளையும்போது எண்ணெய் சேர்த்து அரைத்து, ஐஸ் தட்டில் உறையவைக்கிறோம். அவசர நாளில் ஒரு கட்டியைச் சூடான நூடுல்ஸில் போட்டால் சாப்பாடு தயார். ஒரு எச்சரிக்கை: பச்சைத் தழையை எண்ணெயில் போட்டு வெளியே வைக்காதீர்கள். காற்றுப் புகாத அந்தச் சூழலில் போட்யூலிசம் என்ற ஆபத்தான நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்பு உண்டு.

அலசும் வேலையை முடிந்தவரை வார இறுதியில் முடித்துவிடுகிறோம். புதினா, பார்ஸ்லியை அலசி, நன்றாக ஈரம் உலர்த்தி, துணி விரித்த டப்பாவில் வைத்தால் சில நாள் தாங்கும். ஈரத்தோடு மூடினால் இரண்டாம் நாளே கொழகொழத்துவிடும். வெட்டும் வேலையைக் கத்தரிக்கோலோடு பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். பாதி நாள் செய்வார்கள், மீதி நாள் கூப்பிட்டாலும் காது கேட்காது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் வெட்டக் கூடாது என்பதை மட்டும் அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பார்ஸ்லியின் ஆயுள் பொதுவாக இரண்டு வருடம்தான், இரண்டாம் வருடம் பூத்து ஓய்ந்துவிடும். எங்களுடையது இப்போது தண்டு விட ஆரம்பித்திருக்கிறது. அது முடிந்ததும் அந்தத் தொட்டியில் இன்னொரு தைம் வைக்கப் போகிறேன்.