அம்மாயிக்குச் சிகிச்சை பார்க்கும் முதியோர் மனநல மருத்துவமனை: எங்கள் அனுபவம்

கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே தோட்டத்தில் வசிக்கும் என் அம்மாயிக்கு (அம்மாவின் அம்மா) வயது 76. முதியோர் மனநலம் பார்ப்பதற்கென்றே ஈரோட்டில் இயங்கும் சிறிய மருத்துவமனை ஒன்றுக்கு அவரை இதுவரை மூன்று முறை அழைத்துச் சென்றிருக்கிறேன். அதற்கு முன் எட்டு மாதங்கள் வேறோரிடத்தில் இடுப்பு வலிக்கும் தூக்கமின்மைக்கும் மாத்திரை வாங்கியதுதான் மிச்சம். எருமைகளை விற்றபின் கட்டுத்தரைப் பக்கமே போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரை, வயதானால் அப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

இங்கே மருத்துவர் முதல் நாளே ஏறத்தாழ ஐம்பது நிமிடம் ஒதுக்கினார். நான் முந்திக்கொண்டு பதில் சொன்னபோது, "அவங்களே சொல்லட்டுங்க" என்று கையமர்த்திவிட்டு, எருமை எவ்வளவு கறந்தது என்று அம்மாயியிடம் கேட்டார். வெகுநேரம் கழித்து, "காலையில நாலு லிட்டரு, சாயந்தரம் மூணுங்க" என்றார் அம்மாயி. மறதி நோயா, மனச்சோர்வா என்று பிரித்தறிய அந்தப் பேச்சும் உதவியதாக மருத்துவர் பிறகு விளக்கினார்.

அடுத்து, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விகள் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவீடு. மதிப்பெண் ஐந்தைத் தாண்டினாலே மேற்கொண்டு ஆராய வேண்டும். அம்மாயிக்குப் பத்து வந்தது. ஆயினும் அந்த எண்ணை மட்டும் நம்பாமல், தைராய்டு, பி12, சோடியம், ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பரிசோதித்து, ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, உயிரை விடும் எண்ணம் உண்டா என்பதையும் மென்மையாகக் கேட்டறிந்த பின்னரே மனச்சோர்வு என்று உறுதிசெய்தார்.

மனம் சரியில்லை என்று சொல்லாமல், "ஒடம்பு அசதிங்க" என்றே நம் பெரியவர்கள் சொல்வதால் இந்நோய் எளிதில் கண்ணில் படுவதில்லை. 2017-18இல் நடந்த இந்திய முதியோர் ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் 8.3 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று தெரியவந்தது. தமக்கு அந்நோய் கண்டறியப்பட்டதாகச் சொன்னவர்களோ 0.8 சதவீதமே.

குறைகளும் உண்டு. மின்தூக்கி இல்லாத முதல் மாடியில் முதியவர்களுக்கு மருத்துவம் பார்ப்பதை ஏற்க முடியவில்லை. அச்சிட்ட கேள்வித்தாளின் தமிழும் கடினம். "வாழ்க்கை வெறுமையாக உள்ளதா" என்பதை, "எதுவுமே இல்லாத மாதிரி இருக்குதுங்களா" என்று செவிலியர் மாற்றிக் கேட்ட பிறகுதான் அம்மாயி தலையசைத்தார்.

மருந்து தொடங்கிய இரண்டாம் வாரம், அதனால் சோடியம் குறைந்திருக்கிறதா என்று மறுபடி பார்த்தார்கள். ஆறாம் வாரமான இப்போது அம்மாயி இரவில் உறங்குகிறார். கட்டுத்தரைக்கு இன்னும் போகவில்லை. செல்பவர்கள் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள்.