வீட்டில் குதிரை, மூன்று வருடம் கழித்து

விரிஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் குஜராத் பக்கத்து இனமான ஒரு கத்தியவாரி பெண்குதிரை நிற்கிறாள். வாங்கும்போது சவாரியைப் பற்றி மட்டும்தான் விசாரித்தேன். இப்போது யாராவது என்னிடம் கேட்டால் லத்தியை, அதாவது அவள் போடும் சாணத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

காரணம் மணல். பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு மணலுக்கா பஞ்சம்? மெத்தென்று இருக்கட்டுமே என்று லாயத்தில் மணலைப் பரப்பி, புல்லையும் அதன் மேலேயே போட்டு வந்தேன். புல்லோடு மணலும் வயிற்றுக்குள் போனது. ஒரு ராத்திரி முன்காலால் தரையைப் பறண்டிக்கொண்டே இருந்தாள், திரும்பித் திரும்பி விலாவைப் பார்த்தாள், லத்தி போடவில்லை. குதிரைக்கு வாந்தி வராது, இரைப்பை உப்பினால் கிழிந்தே போகலாம் என்பதை டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுக்கொண்டே சொன்னார். பிழைத்துக்கொண்டாள். தப்பு முழுக்க என்னுடையது.

இப்போது தரையில் ரப்பர் பாய், தீனி தொட்டியில். மாதம் ஒருமுறை லத்திக் குவியலின் மேலிருந்து ஆறேழு உருண்டை எடுத்து (அடியில் எடுத்தால் தரைமண் ஒட்டியிருக்கும்) பக்கெட் தண்ணீரில் கரைப்பேன். கால் மணி நேரம் கழித்து மெதுவாகச் சாய்த்தால், வயிற்றில் மணல் இருந்தால் அடியில் நிற்கும்.

அடுத்தது குளம்பு. தினமும் கொக்கியால் சுத்தம் செய்ய வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் சீவ வேண்டும். இங்கே லாடம் அடிப்பவர்கள் பெரும்பாலும் மாட்டுக்குப் பழகியவர்கள். மாட்டுக்கு ஒரு காலுக்கு இரண்டு துண்டு, குதிரைக்கு ஒரே வளையம், கைப்பழக்கமே வேறு. கடைசியில் ஆம்பூர் பக்கம் ஜட்கா ஓட்டிய பெரியவர் ஒருவர் கிடைத்தார். நான் காலைத் தூக்கப்போனாலே அவள் உதறுவாள். "தம்பி, தோளிலிருந்து கையை எடுக்காம கீழே கொண்டுபோ. திடீர்னு காலைப் புடிச்சா யாருக்குத்தான் கோபம் வராது?" என்றார். இரண்டு வாரத்தில் பழகிவிட்டாள். நேர் பின்னால் அவளுக்குக் கண் தெரியாது என்பதால், இன்றும் குரல் கொடுத்துக்கொண்டேதான் அந்தப் பக்கம் போவேன்.

கத்திரி வெயிலில் ஒரு நாளைக்கு 40 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கிறாள். சும்மா இருக்கும்போதே காய்ச்சல் பார்த்துப் பழகினேன்: 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை சரி. வருடாவருடம் டெட்டனஸ் ஊசி. கொள்ளு போட்டால்தான் குதிரை என்று தெருவே சொல்கிறது. நான் ஊறவைத்து ஒரு கைப்பிடிதான் போடுகிறேன், மற்றதெல்லாம் புல்.

குறை என்றால் பல். கடைவாய்ப் பல்லில் முனை கூராகி, அரைகுறையாக மென்ற புல்லை உருட்டித் துப்புகிறாள். அதை ராவிவிட இந்தப் பக்கம் எனக்கு ஆள் அகப்படவில்லை. சென்னையில் சொல்லி வைத்திருக்கிறேன்.