காது மட்டும் பொருந்தாத முகவலை

சென்ற ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவின் குதிரைச் சந்தைக்குப் போயிருந்தபோது, சேணமும் கடிவாளமும் பரப்பியிருந்த கடையொன்றில், ஈ அண்டாமல் குதிரையின் முகத்துக்குப் போடும் வலை ஒன்றை 850 ரூபாய்க்கு வாங்கினேன். எங்கள் கத்தியவார் இனப் பெட்டைக்குதிரைக்கு வயது 22. ஐப்பசி மழை விழுந்து கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் பச்சை பிடித்ததும் காங்கேயம் பக்கத்தில் ஈ மொய்க்கத் தொடங்கிவிடும்; எங்கள் குதிரைக்கு வயதானதிலிருந்து கண்ணீர் சற்று அதிகமாகவே வடிவதால், அந்த ஈரத்தைத் தேடி அவை முதலில் கண்ணோரத்தில்தான் உட்காருகின்றன. அது வெறும் தொந்தரவோடு நிற்பதில்லை. குதிரையின் வயிற்றில் வாழும் ஒருவகைப் புழுவின் இளம்புழுக்களை ஈக்கள் சுமந்து வந்து கண்ணோரத்திலும் புண்ணிலும் விட்டுவிட்டால், அந்த இடம் எளிதில் ஆறாமல் இழுத்துக்கொண்டே போகும்.

வலையின் கண் பகுதியைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. முதுமையில் கண்ணுக்கு மேலே குழி விழுந்துவிட்ட முகத்திலும் இமையைத் தொடாதபடி, மடிப்பு வைத்துப் புடைப்பாகத் தைத்திருக்கிறார்கள். பார்வையும் மறைவதில்லை; கொள்ளு வாளியை நான் ஓசையில்லாமல் தூக்கினால்கூட, வேலியோரத்தில் நிற்கும் அது எப்போதும்போலத் தலையைத் திருப்பிவிடுகிறது.

காதில்தான் கோளாறு. கத்தியவார் குதிரையின் காதுகள் உள்நோக்கி வளைந்து நுனியோடு நுனி தொட்டுக்கொள்பவை. வலையின் காதுறைகளோ நேர்க்காதுக் குதிரைக்காகத் தைக்கப்பட்டவை. அவற்றுக்குள் காதைத் திணித்த முதல் நாளே அது கட்டுத்தரைக் கம்பத்தில் தலையைத் தேய்த்துத் தேய்த்து, மாலைக்குள் ஒட்டுப்பட்டையைப் பிய்த்துவிட்டது. மாற்றித் தருமாறு கேட்டதற்கு, பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று கைப்பேசியிலேயே பேச்சை முடித்துக்கொண்டார் கடைக்காரர். ஊர்த் தையற்காரரிடம் கொடுத்துக் காதுறைகளை வெட்டி, ஓரம் அடித்து, பட்டையையும் மாற்றித் தைத்ததில் 60 ரூபாய் ஆயிற்று. காதுகளுக்கு இப்போது தேங்காயெண்ணெயில் கலந்த வேப்பெண்ணெயைத் தடவிவிடுகிறேன்.

உள்விளிம்பில் வைத்திருக்கும் பஞ்சுத்துணியும் நம் கொறங்காட்டுக்கு ஒத்துவராது. கொழுக்கட்டைப்புல்லின் கதிர் அதில் அப்பிக்கொண்டு கன்னத்தை உரசுவதால், ஒவ்வொரு மாலையும் வலையைக் கழற்றி, புரட்டிப் பார்த்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுக்க வேண்டியிருக்கிறது.

இதை மாட்டிவிட்டால் ஈத்தொல்லையே தீர்ந்தது என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். வீட்டு ஈயைப் போலவே தோன்றும் கடி ஈ பெரும்பாலும் கால்களில்தான் இரத்தம் குடிக்கிறது; மூட்டு தேய்ந்த குதிரை அதை உதறுவதற்காக நாளெல்லாம் குளம்பைத் தரையில் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கச் சகிக்காது. மூத்திரம் ஊறிய பழைய வைக்கோலிலும் லத்தியிலும் இடப்படும் அதன் முட்டை, நம் வெப்பத்தில் ஏறத்தாழ 3 வாரத்தில் பறக்கும் ஈயாகிவிடும் என்பதால், அன்றாடம் கூட்டியள்ளித் தோட்டத்துக் கடைசியிலுள்ள எருக்குழிக்குக் கொண்டுபோன பிறகே அந்த உதறல் குறைந்தது.

வலை இன்னொரு பருவத்துக்கும் தாங்கும் போலிருக்கிறது. வரும் ஆடியில் சந்தைக்குப் போனால் காதுறையும் பஞ்சும் இல்லாத வலையைத்தான் கேட்பேன். அதற்கென்று முகத்தின் அளவைச் சணல் கயிற்றில் முடிச்சிட்டு வைத்திருக்கிறேன்.