அப்பாவின் வெப்ளி .32: ஹார்டு குரோம் போட்டு ஐந்து வருடம்

சோழவந்தான் பக்கம் எங்களுக்கு ஒரு நெல் மண்டி. மதுரை கீழமாசி வீதிக்குப் பணம் கொண்டுபோய் வந்த காலத்தில் அப்பா உரிமம் எடுத்து ஒரு பழைய ரிவால்வர் வாங்கினார். இங்கிலாந்தில், பர்மிங்காமில் செய்த வெப்ளி அண்ட் ஸ்காட் .32. நடுவில் ஒடித்துத் திறக்கிற மாதிரி, ஆறு தோட்டா. அவருக்கு 70 வயது முடிந்ததும் முறைப்படி என் பெயருக்கு மாற்றிக்கொண்டோம்.

அப்பா கையில் இருந்தவரை அது கரு நீலமாக இருந்தது. அந்த நீலம் பெயிண்ட் அல்ல. இரும்பின் மேலேயே உண்டாக்கிய மெல்லிய ஆக்சைடு படலம். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் எண்ணெய் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். சித்திரை வைகாசியில் இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வந்தால் வியர்வை உப்பு நேராக இரும்பில் இறங்கும். போதாததற்கு அப்பா அதைத் தோல் உறையிலேயே போட்டுப் பீரோவில் வைப்பார். திண்டுக்கல்லில் தைத்த நல்ல உறைதான். ஆனாலும் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது.

2019 மக்களவைத் தேர்தலில்தான் விஷயம் கைமீறியது. தேதி அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள் அல்லவா? மார்ச்சில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்திரைத் தேரோட்டத்தன்றே வாக்குப்பதிவும் வந்து, மதுரைத் தொகுதிக்கு மட்டும் இரவு 8 மணிவரை நேரம் கொடுத்தார்களே, அந்தத் தேர்தல். மே 23 முடிவு வந்து, ஜூன் தொடக்கத்தில் திரும்ப வாங்கினேன். வீட்டுக்கு வந்து துணியைப் பிரித்தால், இடது பக்கச் சட்டத்தில் செம்பழுப்பாக ஒரு பெருவிரல் ரேகை. கோடு கோடாக, முத்திரைத்தாளில் ஒற்றி எடுத்ததுபோல அவ்வளவு தெளிவு. அது என் ரேகைதான். ஒப்படைக்கும் அவசரத்தில் வேர்த்த கையோடு தூக்கி, துடைக்காமல் கொடுத்திருக்கிறேன். எண்ணெயும் மெல்லிய கம்பி நாரும் வைத்து மெதுவாகத் தேய்த்தேன். துரு போனது, ரேகை போகவில்லை. இரும்பிலேயே பள்ளமாக இறங்கியிருந்தது.

மறுபடி நீலம் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போட்டாலும் அடுத்த தேர்தலில் இதே கதைதான். அந்த சமயத்தில் கண்மாய்க்கரையில் ஜேசிபி ஓடிக்கொண்டிருந்தது. அதன் கையை நீட்டி மடக்குகிற தண்டைப் பாருங்கள். நாள் முழுக்கச் சேற்றிலும் மண்ணிலும் உழன்றாலும் வெள்ளியாய் மின்னும். அதன் மேல் இருப்பது ஹார்டு குரோம். அதையே கைத்துப்பாக்கிக்கும் போடுவார்கள் என்று தெரிந்ததும் மனசு அந்தப் பக்கம் போய்விட்டது.

இதைப் பைக் பம்பரில் இருக்கும் குரோமோடு சேர்த்து நினைக்காதீர்கள். பம்பரில் இருப்பது அலங்காரக் குரோம்: அடியில் செம்பு, நிக்கல், அதன் மேல் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவாகக் குரோமியம். அடியில் இருக்கும் நிக்கல் விட்டுக்கொடுத்தால் எல்லாம் செதில் செதிலாக வரும். ஹார்டு குரோம் இடையில் எதுவும் இல்லாமல் நேராக இரும்பில் ஏறுவது. 50, 55 டிகிரிச் சூட்டில் இருக்கும் குரோமிக் அமிலத் தொட்டியில் பாகத்தை இறக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். படியும் குரோமியத்தின் கடினம் விக்கர்ஸ் அளவில் 850 முதல் 1000 வரை வரும். சாதாரண அரம் அதில் வழுக்கும். இரண்டாம் உலகப் போரிலேயே ஜப்பான் ராணுவத்தின் டைப் 99 ரைபிளுக்குக் குழலின் உள்ளே குரோம் ஏற்றியிருந்தார்கள். துருவையும் தேய்மானத்தையும் தடுக்கத்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குரோம் போடுகிற பட்டறை தெருவுக்குத் தெரு இருக்கிறதே என்று துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். உரிமம் இல்லாத ஆளிடம் பழுதுபார்க்கக் கொடுப்பது குற்றம். நான் உரிமம் பெற்ற டீலர் மூலம், உரிமம் பெற்ற பட்டறைக்குத்தான், ரசீதோடு கொடுத்தேன். அதைவிட முக்கியம், எண். ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 8 துப்பாக்கியில் உள்ள பெயர், எண் போன்ற அடையாளங்களை அழிக்கக்கூடாது என்கிறது. பளபளப்புக்காக பஃப் சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் எண் மழுங்கிவிடும், அதோடு, துப்பாக்கியைச் சுட்டுச் சோதித்துப் பார்த்து அடித்த பர்மிங்காம் சோதனை முத்திரையும் போய்விடும். கிரீடத்தின் கீழ் பிஎன்பி என்று இருக்கிற அந்தச் சின்ன முத்திரை எனக்கு உயிர். "பஃப் வேண்டாம், கண்ணாடி மணி வீசி மங்கலாக விடுங்கள்" என்று எழுதியே கொடுத்தேன். மங்கல் சாம்பல் வெள்ளி நிறம் வெயிலில் கண்ணையும் கூசாது.

பட்டறையில் வேலை பார்த்த பாய் ரேகைப் பள்ளத்தை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, குரோம் எதையும் மூடாது. மேடு பள்ளம் எப்படியோ அப்படியே உட்காரும். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் வருத்தப்படாதீங்க." பள்ளம் போகும்வரை அரைத்தால் எண்ணுக்குப் பக்கம் வந்துவிடும் என்பதால் அப்படியே விடச் சொன்னேன்.

முதல் தடவை வேலை சரியாக அமையவில்லை. குழலை மடக்கி மூடினால் மேலே உள்ள கொக்கி முழுதாக விழவில்லை. கீல் இறுகிப்போய் இருந்தது. காரணம் எளிது. பூச்சு 8 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். கீல் ஆணியின் இரண்டு பக்கமும் சேர்த்து 16. அது நுழையும் துளையிலும் ஏறினால் இன்னொரு 16. ஆக மொத்தம் 32 மைக்ரான் இடைவெளி காணாமல் போகிறது. போதாதற்கு, மின்சாரம் விளிம்புகளில் அதிகம் பாய்வதால் அங்கே பூச்சு தடித்துப்போகும். இறுக்கமாக மூடுகிற துப்பாக்கிக்கு இது ஆபத்து. திருப்பி அனுப்பினேன். தகராறு எதுவும் இல்லாமல் குரோமை உரித்துவிட்டு, கீல் ஆணி, துளை, குழலின் உட்புறம், தோட்டா போடும் சிலிண்டரின் அறைகள் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு மறுபடி போட்டார்கள். மறைக்க வேண்டிய இடங்களை முதலிலேயே காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஸ்பிரிங்குகளைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பூச்சு ஏறும்போது ஹைட்ரஜனும் உருவாகி எஃகுக்குள் புகுந்துகொள்ளும். கடினமான எஃகு அதனால் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். மற்ற கடினப் பாகங்களையும் பூசி முடித்த சில மணி நேரத்துக்குள் 190 டிகிரியில் அடுப்பில் வைத்து அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். உங்கள் பட்டறையில் அடுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். கழிவுநீரை என்ன செய்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தருவது. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது நமக்குத் தெரியும். என் துப்பாக்கி துருப்பிடிக்காமல் இருக்க இன்னொருவர் கிணறு கெடக் கூடாது.

சரி, ஐந்து வருடப் பலன். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கும் 2024 மக்களவைத் தேர்தலுக்கும் ஒப்படைத்தேன். இரண்டு தடவையும் மூன்று மாதம்போல வெளியே இருந்தது. 2021இல் திரும்பியபோது துணியில் தூசி இருந்தது, இரும்பில் ஒன்றுமில்லை. 2024இல் பூசாமல் விட்ட கீல் ஆணியின் தலையில் மட்டும் மிளகு அளவு துரு. மற்ற இடமெல்லாம் கொடுத்தபடியே இருந்தது. சுட்டுப் பழகிய பிறகு சிலிண்டர் முகப்பில் படியும் கரியை முன்பு பிரஷ் வைத்து அரைமணி நேரம் தேய்ப்பேன். இப்போது எண்ணெய் தொட்ட துணியால் இரண்டு துடைப்பில் போய்விடுகிறது. சிலிண்டரைச் சுற்றி ஓடும் அந்தத் தேய்மானக் கோடு பெரும்பாலான பழைய ரிவால்வர்களில் இருக்கும்; இதில் குரோம் போட்ட பிறகு புதிதாக எதுவும் விழவில்லை.

அதற்காக எண்ணெயே வேண்டாம் என்று விட்டுவிட முடியாது. ஹார்டு குரோமில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டு. உப்பு ஈரம் நாள் கணக்கில் தேங்கினால் அதன் வழியே அடியில் உள்ள இரும்புக்கு இறங்கும். மாதம் ஒரு தடவை மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். உறை தனியே தொங்குகிறது, துப்பாக்கி பருத்தித் துணியில்.

செலவு, அந்த வருடம் வீட்டுக்கு வெள்ளையடித்ததில் பாதிகூட ஆகவில்லை. இருந்தும் எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். உங்கள் வெப்ளியில் தொழிற்சாலை நீலம் நன்றாகவே இருந்தால் தொடாதீர்கள். போன நீலம் திரும்ப வராது. சேகரிப்பவர்கள் அந்த அசல் பூச்சுக்குத்தான் விலை கொடுக்கிறார்கள். துருப் பள்ளம் விழுந்து, உழைக்க வேண்டிய துப்பாக்கி என்றால் மட்டும் யோசியுங்கள்.

அப்பாவுக்கு நீலம் போனதில் வருத்தம் இருந்தது. முதல் நாள் கையில் வாங்கி, "என்னடா, எவர்சில்வர் டம்ளர் மாதிரி ஆக்கிட்ட" என்றார். இப்போது அவரே மாதாமாதம் துடைக்கிறார். ரேகை இருந்த இடத்தைச் சாய்த்துப் பிடித்தால் குரோமுக்கு அடியில் கோடுகள் இன்னும் தெரிகின்றன. அடுத்த உரிமப் புதுப்பிப்புக்கு முன்னால் குதிரை ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும், தளர்ந்திருக்கிறது. பூச்சில் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை.