மறுமணக் குடும்பங்களுக்கு எச்சரிக்கை: அச்சு உயிலில் கையெழுத்துப் போடாதீர்கள்

மூத்த தாரத்து மகன் ஒருவன், மறுமணம் செய்துகொண்ட மனைவி, அவர் கூட்டி வந்த மகள் ஒருத்தி. வீடு கணவரின் சொந்த சம்பாத்தியம். பத்திரம் எழுதும் ஓர் அலுவலகத்தில் பணம் கட்டி, ஏற்கெனவே அடித்து வைத்திருந்த உயிலில் பெயர்களை நிரப்பி, பதிவும் செய்தார்கள். "பதிவாகிவிட்டது, இனி யாரும் அசைக்க முடியாது" என்று சொல்லி அனுப்பினார்கள். கணவர் காலமான பிறகு குடும்பத்தைக் கோர்ட்டுக்கு இழுத்தது அந்த உயில்தான். இதே வாசகம் இன்றும் விற்கப்படுவதால் இந்தப் பதிவு.

வில்லங்கம் எல்லாம் ஒரே வரியில் இருந்தது: "என் மனைவி ஜீவனாம்சத்துக்காக ஆயுள் உள்ளவரை அனுபவித்து, அதன்பின் என் பிள்ளைகள் சமபாகமாக அடைய வேண்டியது."

"பிள்ளைகள்" என்று அவர் நினைத்தது இருவரையும். ஆனால் தத்து எடுக்காத வரை, மனைவியின் முதல் திருமணத்து மகள் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருக்கு வாரிசு அல்ல. பெயர் எழுதாததால், "நான் ஒருவன்தான் பிள்ளை" என்று மகன் வழக்குப் போட வழி கிடைத்தது.

"ஜீவனாம்சத்துக்காக" என்ற சொல் அதைவிட ஆபத்தானது. ஜீவனாம்ச உரிமையை முன்னிட்டு ஒரு இந்துப் பெண்ணுக்குச் சொத்து கொடுக்கப்பட்டால், ஆயுள் உரிமை என்று எழுதியிருந்தாலும் அதே இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் (1956) 14(1) பிரிவின் கீழ் அது முழு உரிமையாகிவிடலாம். 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஆக, மனைவி வீட்டைத் தன் மகளுக்கே எழுதி வைக்கலாம் என்று வாதாடவும் இடம் இருக்கிறது. எந்தப் பிள்ளையும் விடுபடக் கூடாது என்று நினைத்தவரின் உயில், ஆளுக்கொரு வழக்கைக் கையில் கொடுத்தது. உயில் எழுதுவதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாமல் இருப்பதை மன்னிக்க முடியாது.

அதற்காக உயிலே வேண்டாம் என்று இருந்துவிடுவதும் ஆபத்து. கணவர் உயில் இல்லாமல் முதலில் காலமானால் (அவருடைய தாய் உயிரோடு இல்லாதபோது) வீட்டில் மனைவிக்குப் பாதி, மகனுக்குப் பாதி. பிறகு மனைவியும் உயில் எழுதாமல் போனால் அவருடைய பாதி அவர் பெற்ற மகளுக்கு. கணவரின் மூத்த தாரத்து மகனுக்கு அதில் பங்கில்லை: பெண்ணின் வாரிசுகளைச் சொல்லும் 15(1)(அ) பிரிவில், மாற்றாந்தாய்க்கு "மகன்" என்ற இடம் இப்படிப்பட்டவருக்கு இல்லை என்று 1987இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மனைவி பெயரில் ஒரு மனை இருந்தால், அதற்கு இதைத் திருப்பிப் பாருங்கள். அவர் முதலில் போனால் கணவருக்கும் மகளுக்கும் சமபாகம். கணவருக்கு வந்த பாதி பின்னர் அவர் மகனுக்கே போகும். யார் முந்துகிறார் என்பதை வைத்து ஒரு பிள்ளையின் பங்கு கைமாறுகிறது.

சாட்சிகள் விஷயத்திலும் ஏமாற்றம்தான். அலுவலகத்து எடுபிடிகள் இருவரைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தேவைப்பட்டபோது இருவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பதிவு செய்த உயிலாக இருந்தாலும், வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து நிரூபிக்க வேண்டும். உங்களைவிட வயதில் இளையவர்களாக, நிரந்தர முகவரி உள்ளவர்களாக, பங்கு எதுவும் பெறாதவர்களாக இருவரைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் கையெழுத்திடுவதை அவர்கள் பார்க்க வேண்டும். அவர்களும் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பங்கு பெறும் பிள்ளையோ அவருடைய துணையோ உயில் தயாரிக்கும் வேலையில் முன்நின்றால், அதையே சந்தேகத்துக்கு இடமாகக் கோர்ட் பார்க்கும்.

"நாமினி போட்டாச்சு, போதும்" என்பார்கள். வங்கி வைப்பிலும் பங்குகளிலும் நாமினி பணத்தைக் கையில் வாங்குபவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுடையது. பங்குகள் பற்றி 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் உறுதி செய்தது.

இந்த மாதிரிக் குடும்பத்தில் ஒரே வீட்டின் மேல் முதலில் மனைவிக்கு, பிறகு பிள்ளைகளுக்கு என்று உரிமைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் இருப்பதே நல்லது. வீட்டை ஒருவருக்கு, வைப்புத்தொகையை மற்றவருக்கு என்று முழு உரிமையாகப் பிரித்துவிடலாம். ஒவ்வொருவரையும் முழுப்பெயர், பெற்ற தாய் தந்தை பெயர், உங்களுக்கு என்ன உறவு என்பதோடு எழுதுங்கள். ஒருவருக்குக் குறைத்தால் காரணத்தை இரண்டு வரியில் சொல்லுங்கள். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். கிறிஸ்தவர்களுக்கு இன்னொன்று: 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 69ஆம் பிரிவுப்படி மறுமணம் ஆனதுமே பழைய உயில் ரத்தாகிவிடும், புதிதாக எழுதியே ஆக வேண்டும்.

ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். "பிள்ளைகள்", "வாரிசுகள்", "ஜீவனாம்சம்", "ஆயுள் அனுபவம்" என்ற சொற்கள் தென்பட்டால், சிவில் வழக்கு நடத்திய வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி முழுதாகப் புதிய உயில் எழுதுங்கள். பழையது பதிவானது என்றால் அதன் ஆவண எண்ணையும் ஆண்டையும் குறிப்பிட்டு, அது ரத்து என்பதைப் புதியதில் எழுத மறக்காதீர்கள்.