எம்பிசியா, ஆர்எல்லா: கட்டடத்தின் ஏசியை எதனிடம் ஒப்படைப்பது?

பெரிய கட்டடங்களின் ஏசியை இன்னும் பெரும்பாலும் ஓட்டுவது பழைய விதிகள்தான். வெளியே இத்தனை டிகிரி தாண்டினால் சில்லரை, அதாவது ஏசிக்கான தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரத்தைப் போடு, மாலை ஆனதும் நிறுத்து. இதை மாற்றக் கிளம்பிய ஆராய்ச்சியாளர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள்.

ஒன்று எம்பிசி எனும் முன்கணிப்புக் கட்டுப்பாடு. கட்டடம் எப்படிச் சூடேறும், எப்படி ஆறும் என்பதற்கு ஒரு கணித மாடல். அதோடு வானிலை முன்னறிவிப்பு. வரும் பல மணி நேரத்துக்குச் சிக்கனமான வழியைக் கணக்கிட்டு, அதன் முதல் அடியை மட்டும் செயல்படுத்தும். பிறகு மறுபடி கணக்கிடும். மற்றது ஆர்எல் எனும் வலுவூட்டல் கற்றல். செய்து பார்த்தே பழகும்: மின்செலவு குறைந்தால் பரிசு, அறை புழுங்கினால் தண்டனை.

எம்பிசி கட்சிக்குப் பலமான சாட்சி செக் தலைநகர் பிராக். செக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கட்டடத்தில், கூரைக் கான்கிரீட்டுக்குள் சுடுநீர்க் குழாய் ஓடும். கான்கிரீட் மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும். ஆகவே நாளைய குளிரை இன்றே யோசிக்கிற முறைக்கு அது வாகான இடம். 2011இல் வெளியான முடிவு: சூடாக்கும் எரிசக்தியில் 15 முதல் 28 சதவீதம் வரை சேமிப்பு.

சுவிஸ் கதை இவ்வளவு இனிப்பாக இல்லை. பாசல் அருகே அல்ஷ்வில்லில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் சூரிக் இடிஎச் பல்கலைக்கழகக் குழு எம்பிசியை ஓட்டியது. பழைய முறையோடு கணினி உருவகத்தில் ஒப்பிட்டபோது சுமார் 17 சதவீதச் சேமிப்பு தெரிந்தது. ஆனால் அந்த மாடலை உருவாக்கும் உழைப்பு, அன்றைய எரிசக்தி விலைக்குச் சாதாரணக் கட்டடங்களில் கட்டுப்படியாகாது என்று அவர்களே 2016இல் எழுதினார்கள். தங்கள் முறைக்கு எதிரான கணக்கைத் தாங்களே வெளியிட்டதால்தான் அந்த 17ஐ நான் நம்புகிறேன்.

எதிர்க்கட்சியான ஆர்எல்காரர்கள் உடனே நீட்டுவது கூகுள் டேட்டா சென்டர், அதாவது ஆயிரக்கணக்கான கணினிகள் ஓடும் கட்டடம். 2016இல் கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்ட் சொன்னது, குளிரூட்டும் மின்சாரத்தில் 40 சதவீதம் வரை குறைவு. அந்த “வரை”யைக் கவனியுங்கள். அப்போது கணினி யோசனைதான் சொன்னது, செய்தவர்கள் ஆட்கள். 2018இல் கட்டுப்பாட்டையே கணினியிடம் கொடுத்தபோது சராசரிச் சேமிப்பு சுமார் 30 சதவீதம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கான சென்சார்களைப் படித்து, என்ன செய்தால் என்ன ஆகும் என்று நரம்பு வலைப்பின்னல் (தரவிலிருந்து தானே கற்கும் நிரல்) கணித்து, பாதுகாப்பு வரம்புக்குள் சிக்கனமானதைத் தேர்ந்தெடுத்தது. இதை ஆர்எல் வெற்றி என்று எழுதுபவர்கள் உண்டு. முன்கூட்டிக் கணித்து, வரம்புக்குள் தேர்ந்தெடுப்பது எம்பிசியின் வேலையல்லவா? மாடலைக் கையால் எழுதாமல் தரவிலிருந்து எடுத்தார்கள், அவ்வளவுதான்.

அதே 2018இல் கூகுள் ஆட்களே இன்னொரு ஆய்வுக் கட்டுரையில், டேட்டா சென்டரில் கணினிகள் நிற்கும் தளத்தின் வெப்பத்துக்கு எளிய நேர்கோட்டு மாடலே போதும், சில மணி நேரச் சோதனையில் அதைக் கற்றுவிடலாம் என்று காட்டினார்கள். எனக்கு இதுதான் பெரிய செய்தி. சுவிஸ்காரர்களைத் தடுத்த செலவு அப்படியே இறங்குகிறது.

ஆர்எல்லுக்கு நேர்மையான சோதனை என்றால், டீப்மைண்ட், ஏசி தயாரிக்கும் ட்ரேன் நிறுவனத்தோடு சேர்ந்து இரண்டு நிஜக் கட்டடங்களில் நடத்தி 2022இல் வெளியிட்டது. சேமிப்பு சுமார் 9, 13 சதவீதம்.

இந்தச் சதவீதங்களை அடுக்கிவைத்து யார் பெரியவர் என்று பார்க்க முடியாது. ஒவ்வொன்றும் வேறொரு பழைய முறையோடு ஒப்பிட்டது. மோசமாக ஓடிய ஏசியில் யாரும் 30 சதவீதம் மிச்சம் பிடிக்கலாம். என் தேர்வு: தனிக் கட்டடம், கனமான கான்கிரீட் என்றால், தரவிலிருந்து எடுத்த எளிய மாடலோடு எம்பிசி. ஒரே மாதிரி சில்லர் ஆலைகள் பல வைத்திருக்கும் நிறுவனம் ஆர்எல்லை முயலலாம். ஒரு கட்டடத்தில் கற்றது அடுத்ததற்கும் ஓரளவு உதவும்.