சாலை வழியே கொண்டுசென்ற சொந்தக் காரை பிரிட்டனில் பதிவு செய்யும் சேவை: ஒரு மதிப்பீடு

இந்தியப் பதிவெண் கொண்ட சொந்தக் காரை ஈரான், துருக்கி, ஐரோப்பா வழியாக பிரிட்டன் வரை ஓட்டிச் சென்று அங்கேயே குடியேறுகிறவர்கள், அந்தக் காரை முறைப்படி இறக்குமதி செய்து பிரிட்டன் பதிவெண் பெறுவதற்கு அந்நாட்டு அரசு ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வேலை நிமித்தமாக லண்டனுக்குக் குடிபெயர்ந்தபோது நானும் என் மனைவியும் எங்கள் பெட்ரோல் காரை மும்பை அருகே உள்ள நவா ஷேவா துறைமுகத்திலிருந்து ஈரானின் பந்தர் அப்பாஸுக்குக் கப்பலில் அனுப்பிவிட்டு, அங்கிருந்து ஓட்டிச் சென்றோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வரிவிலக்கு தாராளமானது, விதிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெளிவானவை, ஆனால் எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்ற வரிசை எந்த அலுவலகத்திலும் முழுமையாகக் கிடைப்பதில்லை. வரிசை தெரிந்தவருக்கு இது மிக நல்ல சேவை. தெரியாதவருக்குப் பணமும் மாதங்களும் வீணாகும்.

வரிசை இந்தியாவிலேயே, இறக்குமதி வரி கட்டாமல் காரைத் தற்காலிகமாகப் பிற நாடுகளுக்குள் கொண்டுசெல்ல உதவும் கார்னே புத்தகத்தில் தொடங்குகிறது. வாகனத்துக்கான கடவுச்சீட்டு என்று பலரும் சொல்லும் இந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு தாளும் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நாட்டுக்குள் நுழையும்போது ஒரு பகுதியைச் சுங்க அதிகாரி முத்திரையிட்டுக் கிழித்து வைத்துக்கொள்வார். வெளியேறும்போது இன்னொன்று போகும். புத்தகத்தோடு தங்கும் மூன்றாம் பகுதியில் நுழைவுக்கு ஒன்று, வெளியேற்றத்துக்கு ஒன்று என இரண்டு முத்திரைகளும் விழுந்திருக்க வேண்டும். 5, 10, 25 தாள்கள் கொண்டதாக, ஓராண்டு செல்லுபடியாகும் வகையில் இது வழங்கப்படுகிறது. ஈரான் இதைக் கட்டாயமாகக் கேட்கிறது. துருக்கி கேட்பதில்லை, அங்கே வாகனம் அதைக் கொண்டுவந்தவரின் பெயரிலேயே எல்லையில் பதிவாகிறது. பஸர்கான் எல்லையில் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும், ஈரானிய வெளியேற்ற முத்திரை சரியான தாளில் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டுத்தான் துருக்கிப் பக்கம் நகர வேண்டும். அந்த ஒரு முத்திரை இல்லாவிட்டால், கார் இன்னும் ஈரானில்தான் இருக்கிறது என்று காகிதம் சொல்லும். அதற்கான வரிப் பொறுப்பு கார்னே வழங்கிய வாகன ஓட்டிகள் கழகத்தின் மேல் விழுந்து, அவர்கள் வழியாக, கார்னே பெற நாம் கட்டிய வைப்புத்தொகையைத் தேடி வரும்.

கார்னேயின் அடிப்படையே தற்காலிகம்தான்: வாகனம் உள்ளே வரும், குறித்த காலத்துக்குள் வெளியே போகும், கடைசியில் சொந்த நாடு திரும்பும். பிரிட்டனிலேயே நிறுத்திக்கொள்ள நினைக்கிறவர் அந்த அடிப்படையையே மாற்றுகிறார். எனவே கார் இந்தியாவுக்குத் திரும்பாது என்ற திட்டத்தைப் புறப்படுவதற்கு முன்பே கார்னே வழங்கும் கழகத்திடமும் இந்தியச் சுங்கத் துறையிடமும் எழுத்து மூலம் தெரிவித்து, என்னென்ன சான்று காட்டினால் கணக்கை முடித்துத் தருவார்கள் என்பதையும் எழுத்திலேயே வாங்கிவைப்பது நல்லது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இதே கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். அசல் ஆர்சி அட்டை பின்னால் பிரிட்டனில் தேவைப்படும் என்பதால், அதைக் கையைவிட்டுக் கொடுக்கும்படியான எந்த நடைமுறையையும் அவசரப்பட்டுத் தொடங்கிவிடக் கூடாது.

இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி, குடிபெயர்ந்து வருகிறவர்களுக்கான வரிவிலக்கு. சாதாரணமாக ஒரு காரை இறக்குமதி செய்தால் 10 சதவீதச் சுங்க வரியும், அந்த வரியையும் போக்குவரத்துச் செலவையும் சேர்த்த மதிப்பின் மேல் 20 சதவீத வாட் வரியும் உண்டு. காரின் மதிப்பு 10,000 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், போக்குவரத்துச் செலவைக் கணக்கில் எடுக்காமலே 1,000 பவுண்டு சுங்க வரி, 11,000 பவுண்டின் மேல் 2,200 பவுண்டு வாட் வரி, ஆக 3,200 பவுண்டு ஆகிறது. பிரிட்டனுக்கு வெளியே தொடர்ந்து 12 மாதங்களாவது வசித்தவர், குறைந்தது 6 மாதங்கள் தன் பெயரில் வைத்துப் பயன்படுத்திய காரைக் கொண்டுவந்தால் இந்தத் தொகை முழுவதும் விலக்கப்படுகிறது. எச்எம்ஆர்சி எனப்படும் வருவாய், சுங்கத் துறையிடம் இதற்கு இணையவழியில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் இல்லை. நடுத்தரக் குடும்பம் ஒன்று தன் காரோடு குடிபெயர்வதை ஓர் அரசு இவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொள்வது உண்மையிலேயே பாராட்டத்தக்கது. சொந்தக் காரை இந்தியாவுக்குக் கொண்டுவர முயன்ற எவருக்கும் இந்த வேறுபாட்டின் அளவு புரியும்.

ஆனால் ஒப்புதலை, கார் பிரிட்டன் மண்ணைத் தொடும் முன்பே பெற்றிருக்க வேண்டும். நாங்கள் முதலில் அணுகிய தனியார் முகவர் ஒருவர், வரியை இப்போது கட்டிவிடுங்கள், விலக்கைப் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அடித்துச் சொன்னார். அவருடைய கட்டணம் வரித்தொகையைக் கட்டும் வேலையோடு பிணைந்திருந்தது என்பது பின்னரே விளங்கியது. நல்லவேளையாக என் மனைவி அரசு இணையதளத்தின் விதிமுறையை வரி வரியாகப் படித்து, நாங்கள் துருக்கியில் இருந்தபோதே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார். வாங்கிய ரசீது, ஆர்சி, காப்பீட்டுப் பத்திரம், பழைய வீட்டின் வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைத் தெளிவாக ஸ்கேன் செய்து கைப்பேசியில் வைத்திருந்ததுதான் வழியில் இருந்தபடியே அதைச் செய்ய உதவியது. காகிதங்களைத் தாமே படித்துப் பார்க்கும் பொறுமை உள்ளவருக்கு, இந்தக் கட்டத்தில் முகவரே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, வாகனம் வந்துசேர்ந்ததை அறிவிக்கும் நோவா பதிவு. கார் வந்த 14 நாட்களுக்குள் இதைச் செய்ய வேண்டும். டோவர் துறைமுகத்தில் படகிலிருந்து இறங்கும்போது யாரும் நிறுத்திக் கேட்கவில்லை என்பதால் பொறுப்பு தீர்ந்துவிடாது; நாமாகவே அறிவிப்பதுதான் சட்டம். இந்தப் பதிவு முடிந்திருக்கிறதா என்று வாகனப் பதிவு அலுவலகம் கணினியிலேயே சரிபார்ப்பதால், இது இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. எளிமையான சேவை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

பத்து ஆண்டுக்கு உட்பட்ட கார்களுக்கு ஐவிஏ எனப்படும் தகுதிச் சோதனை உண்டு. இங்கேதான் இந்தியக் காரின் உரிமையாளருக்கு ஓர் இனிய வியப்பு காத்திருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வரும் கார்களில் முகப்பு விளக்கின் ஒளி வலப்புறம் சாய்ந்து விழுவதால் பிரிட்டனில் எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும். அதை மாற்றியாக வேண்டும். இந்தியாவிலும் பிரிட்டனிலும் இடப்பக்கம் ஓட்டுகிறோம் என்பதால் நம் காரின் விளக்கில் அந்தச் சிக்கலே இல்லை, ஸ்டியரிங்கும் வலப்புறம்தான். மாற்ற வேண்டியவை முக்கியமாக இரண்டு. ஒன்று, ஸ்பீடோமீட்டர் மணிக்கு மைல் கணக்கில் காட்ட வேண்டும். மற்றொன்று, பின்புறத்தில் நடுவிலோ வலப்புறத்திலோ மூடுபனியில் பின்னால் வருபவருக்குத் தெரியும்படி சிவப்பு ஃபாக் லைட் ஒன்றாவது இருக்க வேண்டும். எங்கள் காரில் அது இல்லை. கிழக்கு லண்டனில் ஒரு மெக்கானிக் பம்பரின் வலது மூலையில் துளையிட்டு விளக்கைப் பொருத்தி, டாஷ்போர்டில் ஒரு சிறிய சுவிட்சையும் அது எரிவதைக் காட்டும் மஞ்சள் விளக்கையும் வைத்துக் கொடுத்தார். சோதனை செய்தவர் ஃபாக் லைட் எரிகிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. முகப்பு விளக்கு எரியாதபோது அதைத் தனியே எரியவைக்க முடியாதபடி இருக்கிறதா, மஞ்சள் விளக்கு உள்ளே தெரிகிறதா என்று குனிந்து, சுவிட்சை மீண்டும் மீண்டும் போட்டுப் பார்த்தார். மலிவாக வயரை இழுத்து இணைத்திருந்தால் அங்கேயே திருப்பி அனுப்பியிருப்பார். சொந்தப் பயன்பாட்டுக்காகக் கொண்டுவரப்படும் கார்களுக்கென்று இச்சோதனையில் தனிப் பிரிவு இருக்கிறது. அதில் நிபந்தனைகள் குறைவு. விண்ணப்பத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிட மறக்கக் கூடாது. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட காருக்கு எம்ஓடி எனப்படும் சாலைத் தகுதிச் சோதனையும் தனியே தேவை.

பிரிட்டனில் குடியேறிவிட்டவர் அந்நாட்டுப் பதிவு கிடைக்கும் வரை காரைச் சாலையில் ஓட்டக் கூடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். முன்பதிவு செய்த சோதனைக்குப் போய்வர மட்டும் அனுமதி உண்டு, அதுவும் காப்பீடு இருந்தால்தான். பதிவெண்ணே இல்லாத காருக்கு சேசிஸ் எண்ணை வைத்துக் காப்பீடு தரும் நிறுவனங்கள் குறைவு. பெரிய நிறுவனம் ஒன்றின் தொலைபேசி ஊழியர் அப்படியொரு காப்பீடே கிடையாது என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். இறக்குமதி வாகனங்களுக்கென்றே உள்ள தரகர்களிடம் கேட்டபோது எளிதாகக் கிடைத்தது.

கடைசிப் படி ஸ்வான்சீயில் உள்ள டிவிஎல்ஏ எனப்படும் வாகனப் பதிவு அலுவலகத்தில் பதிவு. வி55/5 படிவத்தைக் கையால் நிரப்பி, 55 பவுண்டு பதிவுக் கட்டணத்தோடும் சாலை வரியோடும் தபாலில் அனுப்ப வேண்டும். இந்தச் சேவையில் நான் கண்ட மிகப் பெரிய குறை இதுதான். வரிவிலக்கும் நோவாவும் இணையத்தில் நடக்கும்போது, இது மட்டும் காகிதத்திலும் தபாலிலும் நிற்கிறது. வெளிநாட்டுப் பதிவுச் சான்றின் நகலை ஏற்பதில்லை. அசலைத்தான் அனுப்ப வேண்டும். நம் ஊர் ஆர்சி ஒரு சிறிய பிளாஸ்டிக் அட்டை. கனமான உறைக்குள் தனித்தாளில் ஒட்டி, அதன் இருபக்க நகலையும் தயாரிப்பு ஆண்டைக் காட்டும் உற்பத்தியாளரின் கடிதத்தையும் சேர்த்து, பதிவுத் தபாலில் அனுப்பினோம். இத்தனை மதிப்புள்ள அசல் ஆவணத்தை நேரில் காட்டிவிட்டுத் திரும்பப் பெறும் வசதி இருந்தால், இந்தச் சேவைக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

காரைக் கொண்டுசெல்லலாமா என்று யோசிப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். வரிவிலக்கு பெற்ற காரை 12 மாதங்களுக்கு விற்கவோ, வாடகைக்கு விடவோ, இரவல் தரவோ கூடாது. ஊரிலிருந்து வந்த மைத்துனருக்கு நிலையாக ஓட்டக் கொடுத்தாலும் விதிமீறல்தான். இரண்டாவது, லண்டனின் புகைக் கட்டுப்பாட்டு மண்டலம். 2023 ஆகஸ்ட் 29 முதல் அது லண்டன் மாநகரம் முழுவதற்கும் விரிந்துவிட்டது. ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, ஹாரோ என்று நம்மவர்கள் அதிகம் வாழும் பகுதிகள் எல்லாமே அதற்குள் வந்துவிட்டன. பெட்ரோல் காருக்கு யூரோ 4, டீசல் காருக்கு யூரோ 6 புகைத் தரம் வேண்டும். இல்லையென்றால் ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு. இந்தியாவில் யூரோ 6-க்கு இணையான பிஎஸ்-6 தரம் 2020 ஏப்ரலில்தான் நாடு முழுவதும் கட்டாயமானது என்பதால், அதற்கு முந்தைய பிஎஸ்-4 டீசல் கார் வைத்திருப்பவர் லண்டனில் குடியேறப் போகிறார் என்றால், வரிவிலக்கில் மிச்சமாகும் பணம் ஓராண்டுக்குள் இந்தக் கட்டணத்திலேயே கரைந்துவிடக் கூடும். அப்படிப்பட்டவர் பயணத்துக்கு மட்டும் அந்தக் காரைப் பயன்படுத்தி, கார்னேயின் காலத்துக்குள் இந்தியாவுக்கே திருப்பி அனுப்பிவிடுவது மேல்.